எஸ்எம்7பி-க்கு அந்த விலை தகுமா? பேச்சுப் பதிவுக்கு டைனமிக் மைக்

வாசிப்பறை
ஒலிப்புத்தக வாசிப்புக்கு டைனமிக் மைக் பார்க்கிறேன். பேச்சு மட்டும், பாட்டு கிடையாது. அறை 10-க்கு 12 அடி, கான்கிரீட் கூரை, சீலிங் ஃபேன். இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஸ்கார்லெட் 2ஐ2 மூன்றாம் தலைமுறை. எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிக்கவேண்டும். ஷூர் எஸ்எம்7பி எடுத்தால் கிளவுட்லிஃப்டரும் (மைக்கின் மெல்லிய சிக்னலைத் தூக்கிக் கொடுக்கும் டப்பா) கட்டாயம் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் கை மீறுகிறது. ஷூரின் மேடை மைக் எஸ்எம்58 போதுமா? நாலு மடங்கு விலை எதற்குத்தான் வாங்குகிறார்கள்?

தாழ்சுருதி
கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். அமெரிக்கக் கடை விலையில் 58 பல வருடம் 99 டாலர், 7பி 399 டாலர். இங்கேயும் ஏறக்குறைய அதே விகிதம்தான்.

உள்ளே இருக்கும் கேப்சூல் (சத்தத்தை மின்சாரமாக்கும் பாகம்) வேறு ஜாதி என்று நினைத்துவிடாதீர்கள். எஸ்எம்57 (1965), எஸ்எம்58 (1966), எஸ்எம்7 (1973) மூன்றும் யூனிடைன் 3 என்ற ஒரே குடும்பம். கையில் பிடிக்கிற அளவு, மேடைத் தடி என்ற கட்டாயம் எதுவும் இல்லாமல் அந்தக் கேப்சூலுக்கு ஒரு பெரிய வீடு கட்டிக் கொடுத்தார்கள், அதுதான் எஸ்எம்7. இன்று விற்கும் 'பி' 2001-ல் வந்தது.

வீட்டுக்குத்தான் காசு. கேப்சூலுக்குப் பின்னால் காற்றறை பெரிது, அதனால் அடிக்குரல் இன்னும் கீழே இறங்கும். உள்ளேயே அதிர்வு தாங்கி இருக்கிறது, மேசையைத் தட்டினால் 58 அளவுக்கு 'டம்' என்று ஏறாது. மானிட்டர், அடாப்டர் பக்கத்தில் இருந்தால் வரும் ஹம்மை எதிர்த்து வெட்ட இன்னொரு காயில் உண்டு. பின்பக்கம் அடித்தொனியைக் குறைக்க ஒரு சுவிட்ச், மேல்தொனியைத் தூக்க ஒரு சுவிட்ச்.

வாசிப்பவருக்கு முக்கியமானது வேறொன்று. கேப்சூல் கம்பிக்கூண்டுக்குள் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. உதட்டைக் கூண்டில் ஒட்டினாலும் சில சென்டிமீட்டர் இடைவெளி மிஞ்சும். 58-ல் தலை ரெண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னே போனால் அடிக்குரல் ஏறி இறங்குவது காதுக்குத் தெரியும். 7பி-யில் அந்த ஆட்டம் குறைவு. முதல் அத்தியாயமும் முப்பதாவது அத்தியாயமும் ஒரே குரலாகக் கேட்கவேண்டுமென்றால் இதற்கு மதிப்பு உண்டு.

பாஸ்கட்டை
ப்ரோ, 58 வாங்கிட்டு ஈக்யூ (அலைவரிசை வாரியா சத்தத்தை ஏத்தி இறக்கறது) போடுங்க. 5 கிலோஹெர்ட்ஸ்ல அகலமா 2, 3 டெசிபல் குறைச்சு, 10-க்கு மேல மொத்தமா 3 ஏத்தினா 7பி பக்கத்துல வந்துடும். மீதி இருபத்தஞ்சாயிரத்துக்கு அறையைப் பாருங்க.

தாழ்சுருதி
பாதி சரி தம்பி. 5-ல் வெட்டுவது வேலை செய்யும், 58-ன் மேடு அங்கேதான். மேலே ஏற்றுவதில் சிக்கல் இருக்கிறது. 58 காகிதத்திலேயே 15,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், அதற்கு முன்னாலேயே சரியத் தொடங்கும். இல்லாத சத்தத்தை ஏற்றினால் ப்ரீஆம்பின் (இன்டர்ஃபேஸுக்குள் மைக் சிக்னலைப் பெரிதாக்கும் பகுதி) இரைச்சல்தான் ஏறும். பேச்சுக்கு 12,000-க்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டாம் என்பதால் தப்பிக்கலாம். நேரத்துக்கு நேரம் மாறும் தூரத்தைத்தான் எந்த ஈக்யூவாலும் சரிசெய்ய முடியாது.

கணக்குப்பிள்ளை
கிளவுட்லிஃப்டர் கட்டாயம் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். எண்கள் எல்லாம் தயாரிப்பாளர்களே கொடுத்தவை.

94 டெசிபல் ஒலி அழுத்தத்தில் 7பி தருவது 1.12 மில்லிவோல்ட், அதாவது சுமார் -57 டிபியு (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அலகு). சாதாரணப் பேச்சு ஒரு மீட்டரில் 60 டெசிபல் என்று வையுங்கள். 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 26 கூடும், 86. கொஞ்சம் மென்மையாகப் பேசுகிறவர் என்று 84 வைப்போம். 94-க்கு 10 குறைவு, ஆக மைக்கிலிருந்து வருவது -67 டிபியு.

உங்கள் 2ஐ2 மூன்றாம் தலைமுறையில் கெயின் (சிக்னலைத் தூக்கும் அளவு) குறைந்த நிலையில் உச்ச உள்ளீடு +9 டிபியு, கெயின் வீச்சு 56 டெசிபல். குமிழை முழுக்கத் திருப்பினால் 9-லிருந்து 56 போக, -47 டிபியு வரும்போது மீட்டர் முட்டும். -67 என்பது அதற்கு 20 கீழே. சராசரி -20-ல் நின்று, உச்சங்கள் -6, -8 வரை போகும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

'கெயின் பத்தவில்லை' என்கிறவர்கள் பலரும் 15 சென்டிமீட்டரில் உட்கார்ந்திருப்பார்கள். 5-லிருந்து 15-க்குப் போனால் 9.5 டெசிபல் போச்சு. நாலு விரல் கிட்ட வந்தால் தீருகிற விஷயத்துக்கு கிளவுட்லிஃப்டர் என்று ஒரு டப்பா.

பாடுகிறவருக்கு இந்தப் பேச்சே வேண்டாம். கிட்டே நின்று தொண்டை திறந்து பாடினால் 105, 110 போகும், 35 டெசிபல் கெயினே தாராளம். 7பி-க்கு 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று சொல்லப்படும் எச்சரிக்கை மெல்லப் பேசுகிறவருக்கானது.

வெள்ளைஇரைச்சல்
கணக்கு சரி சார், ஆனால் குமிழை முழுக்கத் திருப்பினால் 'ஸ்ஸ்' என்று இரைகிறதே? கடைசிப் பத்து சதவீதத்தில் திடீரென்று ஏறுகிறது. அதற்குத்தானே லிஃப்டர்?

கணக்குப்பிள்ளை
குமிழின் கடைசிக் கால் திருப்பத்தில் நிறைய டெசிபல் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும், மலிவு இன்டர்ஃபேஸ்களில் இது சகஜம். இரைச்சலோடு குரலும் அதே அளவுதான் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மாறவில்லை.

அந்த இடைவெளி எவ்வளவு? 2ஐ2-ன் உள்ளீட்டு இரைச்சல் -128 டிபியு (காதின் கேட்புக்கு ஏற்பத் திருத்திய 'ஏ' அளவு). 7பி-க்கு 94 டெசிபல் என்பது -57 டிபியு. வித்தியாசம் 71. 94-லிருந்து 71 போக 23. அதாவது உங்கள் ப்ரீஆம்பின் இரைச்சல், அறையில் 23 டெசிபல் சத்தம் இருப்பதற்குச் சமம். நடு ராத்திரி, ஃபேன் நிறுத்தி, ஜன்னல் சாத்தினாலும் ஊருக்குள் இருக்கும் அறை 30-க்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஃபேன் ஓடினால் 45 சர்வசாதாரணம். நீங்கள் கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு அறையுடையது. லிஃப்டர் அதையும் சேர்த்துத்தான் தூக்கும்.

வெள்ளைஇரைச்சல்
அப்போ லிஃப்டர் சுத்த ஏமாற்றா?

கணக்குப்பிள்ளை
இல்லை. பழைய மிக்சர், மலிவு இன்டர்ஃபேஸ் போன்றவற்றில் உள்ளீட்டு இரைச்சல் -115, -118 என்று இருந்தால் நன்றாகவே உதவும். கிசுகிசுப்பாகப் பேசிப் பதிகிறவருக்கும் உதவும். கிளவுட்லிஃப்டர் தூக்குவது சுமார் 25 டெசிபல், அதே வேலை செய்யும் ஃபெட்ஹெட் 27. ரெண்டுக்கும் 48 வோல்ட் ஃபேன்டம் (இன்டர்ஃபேஸ் கேபிள் வழியே அனுப்பும் மின்சாரம்) ஆன் செய்யவேண்டும். அந்த மின்சாரத்தை டப்பா தனக்கு எடுத்துக்கொள்ளும், மைக்குக்கு விடாது. முடிவைக் காதிடம் விடாமல் அளந்து பாருங்கள், 150 ஓம் சோதனை ஒன்று இருக்கிறது.

வேண்டியவை: ஆண் எக்ஸ்எல்ஆர் பின் (மைக் கேபிள் நுனியில் இருக்கும் மூன்று முள் கனெக்டர்) ஒன்று, 150 ஓம் கால் வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் ஒன்று. ரெசிஸ்டர் சில்லறைக் காசு. அதை பின் 2-க்கும் 3-க்கும் நடுவே சால்டர் வையுங்கள். பின் 1-ஐத் தொடக்கூடாது. ரெசிஸ்டரின் கால்களை அரை அங்குலமாக வெட்டி, பின்னின் கூடு உலோகமாக இருந்தால் மேலே ஸ்லீவ் மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் மூடும்போது கால் கூட்டில் பட்டு ஹம் அடிக்கும், நீங்கள் ப்ரீஆம்பைத் திட்டுவீர்கள்.

ஃபேன்டம் ஆஃப். பேசுவதற்குச் சரியாக கெயினை வைத்து, குமிழ் நிலையில் பென்சிலால் கோடு போடுங்கள். மூன்று பதிவு, ஒவ்வொன்றும் 10 விநாடி: மைக் மாட்டி ஃபேன் ஓட, மைக் மாட்டி ஃபேன் நிறுத்தி, மைக்கைக் கழற்றி ரெசிஸ்டர் பின்னோடு. மூன்றுக்கும் 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் (அதற்குக் கீழுள்ளதை வெட்டும் வடிகட்டி) போட்டு ஆர்எம்எஸ் (சராசரி அளவு) எடுங்கள். ஃபேன் நிறுத்திய மைக் அளவு ரெசிஸ்டர் அளவைவிட 10 டெசிபலுக்கு மேல் இருந்தால் அறைதான் குற்றவாளி, லிஃப்டர் வாங்கிப் பயனில்லை. 3-க்குள் இருந்தால் ப்ரீஆம்ப் குற்றவாளி, வாங்கலாம்.

பாஸ்கட்டை
ரெசிஸ்டர் எதுக்கு, கேபிளைக் கழட்டிட்டு பதிஞ்சா போதாதா?

கணக்குப்பிள்ளை
போதாது. திறந்த உள்ளீட்டில் ப்ரீஆம்ப் தன் உள் மின்தடையையே மூலமாகப் பார்க்கும், இரைச்சல் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். மைக்கைப் போல் 150 ஓம் அங்கே இருந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம். தயாரிப்பாளர்களும் அப்படித்தான் அளக்கிறார்கள்.

கூரைவிசிறி
யாரும் ஃபேனுக்கும் மைக்குக்கும் உள்ள கோணத்தைப் பேசவில்லை. நம் ஊரில் விலைக்கு முன்னால் பார்க்கவேண்டியது அது.

58 போன்ற கார்டியாய்ட் மைக் (முன்பக்கச் சத்தத்தை அதிகம் வாங்கும் வகை) நேர் பின்னால் செவிடு, பக்கவாட்டில் 6 டெசிபல் குறைவு. மேசை ஸ்டாண்டில் 58-ஐ வைத்து வாயை நோக்கி 45 டிகிரி மேலே சாய்த்தால், தலைக்கு மேலுள்ள ஃபேன் மைக்கின் முகத்திலிருந்து 45 டிகிரியில் நிற்கும். அந்தக் கோணத்தில் குறைப்பு வெறும் 1.4 டெசிபல். அதே மைக்கை பூம் ஆர்மில் தொங்கவிட்டு, நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கி 45 டிகிரி கீழே சாய்த்தால் ஃபேன் 135 டிகிரிக்குப் போய்விடும். அங்கே குறைப்பு கிட்டத்தட்ட 17. மைக் மாற்றாமல் 15 டெசிபல்.

சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் இருப்பதால் காகிதத்தில் உள்ள 15-ம் கையில் கிடைக்காது. கிடைக்கிற பங்கே எந்த டப்பாவும் தராத அளவு. இன்னும் குறுகலாக வாங்கும் சூப்பர்கார்டியாய்டின் செவிட்டுக் கோணம் 126 டிகிரி சுமார், அதனால் தொங்கவிட்டால் சீலிங் ஃபேனுக்கு இன்னும் பொருத்தம். எஸ்இ நிறுவனத்தின் வி7 மைக் அந்த வகை. 58 விலையை ஒட்டித்தான், உணர்திறன் 2 மில்லிவோல்ட், 7பி-யைவிட 5 டெசிபல் அதிகம்.

மேலிருந்து சாய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. 'ப'-வின் காற்று நேராக முகத்தில் அடிக்காது. தமிழ் 'ப' ஆங்கிலத்தில் சொல்வதுபோல் ஊதி வருவதில்லை, ஆகவே தமிழ் வாசிப்பில் இந்தத் தொல்லை குறைவு. வாசிக்கும்போது 'பேப்பர்', 'பார்க்கிங்' என்று ஆங்கில நாக்கோடு சொன்னால்தான் குண்டு வெடிக்கும். 'பப்பாளி, பேப்பர், ஸ்பெஷல் பஸ்' என்று வரிசையாகச் சொல்லிப் பதிந்து பாருங்கள், வித்தியாசம் அலைவடிவத்திலேயே தெரியும்.

வாசிப்பறை
மிக்க நன்றி. டைனமிக் மைக் அறைச்சத்தத்தை வாங்காது என்று படித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன். அது உண்மைதானே?

தாழ்சுருதி
ஐயா, அது பாதிப் பொய். கண்டென்சரையும் (ஸ்டூடியோக்களில் அதிகம் வைக்கும் இன்னொரு வகை மைக்) டைனமிக்கையும் ஒரே தூரத்தில், ஒரே வாங்கும் வடிவத்தில் வைத்து, குரலின் அளவைச் சமப்படுத்திப் பாருங்கள். எதிரொலி கிட்டத்தட்ட ஒன்றுதான். டைனமிக்கை உதட்டோரம் வைத்துப் பேசுகிறோம், கண்டென்சரை ஒரு சாண் தள்ளி வைக்கிறோம், வித்தியாசம் பெரும்பாலும் அந்தச் சாண்தான். மேல் அலைவரிசை கொஞ்சம் மங்குவதால் எதிரொலியின் கூர்மையும் மங்கித் தெரியும், அவ்வளவே. 40,000 கொடுத்த டைனமிக்கை ஒரு அடி தள்ளி வைத்தால் குளியலறைச் சத்தம்தான் வரும்.

உங்கள் கான்கிரீட் அறையில் வாசிக்கும்போது முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர்தான் கார்டியாய்டின் பார்வையில் விழுகிறது. கனமான போர்வை ரெண்டை மடித்து அங்கே தொங்கவிடுங்கள், சுவரை ஒட்டாமல் ஒரு சாண் விட்டு. மைக்குக்குப் பின்னால் ஸ்பாஞ்ச் ஒட்டுவதைவிட இது பலன்.

சவுண்டுசர்வீஸ்
விலை பேசுறப்ப கூட வர்ற செலவையும் சொல்லணும். 7பி 765 கிராம், ரோட் பாட்மிக் 937 கிராம். ஆயிரம் ரூபா ஸ்பிரிங் ஆர்ம்ல மாட்டினா தலை தொங்கிரும், பாதி அத்தியாயத்துல மைக் மடியில வந்து உக்காரும். ஆர்ம் வாங்கறப்ப அது தாங்குற எடையைப் பாருங்க. மரை 5/8 அங்குலமா 3/8 அங்குலமான்னும் பாருங்க, இல்லேன்னா ஒரு அடாப்டருக்காக மறுபடி கடைக்கு அலையணும்.

கேபிள்: ரெண்டு பக்கமும் எக்ஸ்எல்ஆர். மேடை மைக்கோட வர்ற கேபிள்ல பல நேரம் மறுபக்கம் பி-38 பின் (கால் அங்குல ஜாக்) இருக்கும். அதை இன்டர்ஃபேஸ்ல சொருகினா லைன் உள்ளீட்டுக்குப் போயிரும், மைக் ப்ரீஆம்ப் வழியா வராது. குரல் ஈனஸ்வரத்துல கேக்கும், மைக் மோசம்னு திருப்பி அனுப்பிருவாங்க.

போலி 58 ஏகப்பட்டது ஓடுது. தராசுல வையுங்க: அசல் 298 கிராம். கைப்பிடியைத் திருகிப் பிரிச்சா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் பிசின்ல பதிஞ்சிருக்கும். பல போலியில டிரான்ஸ்ஃபார்மரே கிடையாது, சிலதுல எடைக்கு இரும்புத் துண்டு. பாதி விலைக்கு எவனாவது குடுத்தா பிரிச்சுப் பாக்க விட்டா மட்டும் வாங்குங்க.

வாசிப்பறை
பழைய 58 வாங்கலாமா?

சவுண்டுசர்வீஸ்
தாராளமா. கூண்டு நசுங்கியிருந்தா பயப்பட வேண்டாம், கூண்டு தனியா கிடைக்கும், ஆர்கே143ஜி. கேப்சூலும் தனியா வரும், ஆர்59. ஆனா அது விலை போட்டா புதுசு வாங்குறதுதான் லாபம், அதனால கேப்சூல் போன மைக்கை எடுக்காதீங்க. சத்தம் மங்கலா இருந்தா கூண்டுக்குள்ள இருக்கிற ஃபோமைப் பாருங்க. எச்சில், மேக்கப், பான்பராக்கு வரைக்கும் ஏறி அடைச்சிருக்கும். கூண்டைத் திருகிக் கழட்டி, சோப்புத் தண்ணில அலசி, முழுசா காஞ்சப்புறம் மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா கேப்சூல் போச்சு.

ஏடுபார்ப்பவர்
ஒரு சின்ன விஷயம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுப் பில் வாங்குங்கள். மைக்குக்கு 18 சதவீதம். வரி சேர்ந்த 10,000 ரூபாய் விலையில் 1,525 ரூபாய் வரி. தொழிலுக்கு வாங்கியதாக இருந்தால் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். 7பி போன்ற விலையில் இது ஒரு நல்ல ஆர்முக்கான காசு.

பாஸ்கட்டை
மலிவுல பெரிங்கர் எக்ஸ்எம்8500 எப்படி? ரெண்டாயிரம் சொச்சம்தான்.

தாழ்சுருதி
பணத்துக்கு மீறிய மைக். 58-ன் சாயலில் கொஞ்சம் கரகரப்பு. கையில் பிடித்தால் உரசல் சத்தம் கூடுதல், ஸ்டாண்டில் வைத்தால் அது பிரச்சினையே இல்லை. மேலே ஒரு ஃபோம் தொப்பி மாட்டவேண்டும், பாப் அடிக்கும். இன்டர்ஃபேஸே இல்லாதவர் என்றால் சாம்சன் க்யூ2யூ: யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் ரெண்டும் உண்டு, ஹெட்ஃபோன் துளை மைக்கிலேயே இருக்கிறது.

தலையை அசைத்து அசைத்துப் பேசுகிறவர்களுக்கு நான் 7பி-யைவிட எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20-ஐச் சொல்வேன். 1968-லிருந்து வருகிறது. உடம்பு நெடுக துளைகள் வைத்து, கிட்டே வந்தாலும் அடிக்குரல் ஊதாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. ஆனால் விலை 7பி-யை ஒட்டியோ மேலேயோதான், உங்கள் பட்ஜெட்டுக்கு வெளியே.

7பி-யின் வடிவத்தை அப்படியே காப்பியடித்து ஐயாயிரத்துக்கு வரும் மைக்குகளில் வடிவம் மட்டும்தான் வரும். நீண்ட குழலுக்குள் பெரும்பாலும் காற்றுதான் இருக்கும், அதிர்வு தாங்கி இருக்காது.

கணக்குப்பிள்ளை
எஸ்எம்7டிபி-யையும் சொல்லிவிடுகிறேன். 2023-ல் 499 டாலருக்கு வந்தது. 7பி உள்ளேயே 18 அல்லது 28 டெசிபல் தூக்கும் ப்ரீஆம்ப். அன்றைய விலையில் 7பி-யின் 399-ம் கிளவுட்லிஃப்டரின் 149-ம் கூட்டினால் 548, ஆகவே லிஃப்டர் வாங்கியே தீருவேன் என்பவருக்கு இது லாபம். 2ஐ2 மூன்றாம் தலைமுறைக்காரர் வாங்க எனக்குக் காரணம் தெரியவில்லை. நாலாம் தலைமுறை 2ஐ2-ல் கெயின் வீச்சே 69, அங்கே பேச்சே இல்லை.

வாசிப்பறை
நண்பரிடம் 58 இரவல் வாங்கி ரெசிஸ்டர் சோதனை செய்தேன். 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸ் போட்டு எடுத்த அளவுகள்: ரெசிஸ்டர் -79. ஃபேன் நிறுத்தி -66. ஃபேன் ஓட, மைக் கீழிருந்து மேல் நோக்கி -52. ஃபேன் ஓட, மேலிருந்து தொங்கவிட்டு -59.

கணக்குப்பிள்ளை
ஃபேன் நின்றாலும் அறை, ப்ரீஆம்பைவிட 13 டெசிபல் மேலே. லிஃப்டரை மறந்துவிடுங்கள். தொங்கவிட்டதில் 7 கிடைத்திருக்கிறது, மீதியைச் சுவர்கள் திருப்பிக் கொடுக்கின்றன. பின்சுவரில் போர்வை கட்டி அதே நாலு அளவையும் மறுபடி எடுங்கள்.

தாழ்சுருதி
இந்த எண்களுக்கு வி7-ம், 1 கிலோ தாங்கும் ஆர்மும், போர்வையும் போதும், இருபதாயிரத்துக்குள் முடியும். தினமும் நாலு மணி நேரம் வாசிக்கிற தொழிலாக மாறினால் 7பி-க்குப் போங்கள், அப்போது அந்தத் தூர ஒழுங்குக்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு.

கூரைவிசிறி
வி7 தொங்கவிடும்போது கிளிப்பை இறுக்கிவிட்டுக் கேபிளை ஆர்மோடு ஒரு சுற்று சுற்றி வெல்க்ரோ கட்டுங்கள். கனெக்டரில் எடை தொங்கினால் ஆறு மாதத்தில் பின் 1 ஆடத் தொடங்கும், கையை அசைக்கும்போதெல்லாம் 'கிர்' என்று வரும்.

வாசிப்பறை
போர்வை கட்டியாயிற்று. ஃபேன் ஓட -61, நிறுத்தி -67. பதியும்போது ஃபேனை நிறுத்திவிட்டு, பத்துப் பக்கத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்வதாக முடிவு.